புதுவையில் முதல் வாடகை வீடு: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கல்யாணம் முடிந்து புதுச்சேரியில் தனிக்குடித்தனம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாடகையையும் வேலைக்குப் போகிற தூரத்தையும் பார்த்தே வீட்டை முடிவு செய்கிறார்கள். இந்த ஊரில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். குழாயில் என்ன தண்ணீர் வருகிறது, மழைக்குத் தெருவில் எவ்வளவு நிற்கிறது, சுவரில் எதுவரை ஏறியிருக்கிறது. வாடகை கொஞ்சம் கூடினால் சமாளிக்கலாம். உப்புத் தண்ணீரையும் ஓதம் ஏறிய சுவரையும் நீங்கள் மாற்ற முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் பெரிய மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்கள், முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு போன்ற நெருக்கமான, சந்தடி ஓயாத பகுதிகளில் ஒரு போர்ஷனோ மாடியோ தேடுகிற இரண்டு பேருக்காக. புறநகரில் புது அடுக்குமாடிக்குப் போகிறவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

எந்த மாதம் தேடுவது

ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஒழுகும் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும், தெருவில் நிற்கும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். எந்த வீட்டுக்காரரும் மறைக்க முடியாது. சித்திரை வெயிலில், புதுப் பெயின்ட் வாசனையோடு பார்க்கிற வீடு எதையும் சொல்லாது.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் காலியான வீடு அந்த மாதங்களில் சும்மா கிடக்கும். பேரம் பேச அதுதான் நல்ல நேரம். பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்களே என்றால் வழி இருக்கிறது: கார்த்திகைக் கடைசியில் ஒரு நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, சாமான்களை நிதானமாக மார்கழியில் கொண்டு வரலாம். தை பிறந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள். வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது?

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கையான கேள்வி. முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோட்டக்குப்பம்; அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. தெற்கே கடலூர் சாலையில் ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். வாடகைப் பலகையில் ‘பாண்டி’ என்றுதான் எழுதியிருக்கும்.

மாநிலம் மாறினால் மாறுகிறவை: ரேஷன் அட்டை, வண்டிப் பதிவு, கரண்ட் பில், வாடகைச் சட்டம். புதுச்சேரியில் கரண்ட் பில் மாதாமாதம் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அங்கே முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. புதுச்சேரி எல்லைக்குள் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே வீட்டு வரி ரசீதையோ கரண்ட் பில்லையோ காட்டச் சொல்லுங்கள். எந்த மாநிலம் என்பது அதில் தெரிந்துவிடும்.

மூன்று வேளை போய்ப் பாருங்கள்

ஒரே வீட்டை காலை ஆறரைக்கு ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை. காலையில் குழாய்த் தண்ணீர் வருகிற வேகம் தெரியும். மதியம் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வைகாசி எப்படி இருக்கும் என்று புரியும். இரவில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, வாசல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பது தெரியும். காந்தி வீதியை ஒட்டிய வீடானால் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நடை போங்கள். ஞாயிறு சந்தை கூடும் நாளில் உங்கள் வண்டியை வெளியே எடுக்க முடியுமா என்று அப்போதுதான் தெரியும்.

தெருத் தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். முனையில் இருக்கும் பெட்டிக்கடையிலோ இஸ்திரி வண்டியிலோ கேளுங்கள்: “ஃபெஞ்சல் புயலப்போ இங்க எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு?” 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த அந்தப் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே அறியும். அந்த ஒரு மழைக்குத் தாக்குப்பிடித்த வாசற்படி போதும். முழங்கால் உயரத்துக்கு நின்றது என்றால் கரண்ட் மீட்டர், மோட்டார் சுவிட்ச், சம்ப் மூடி மூன்றும் அந்த உயரத்துக்கு மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சம்ப்பின் விளிம்பு தெருவைவிட ஒரு சாண் கூட உயர்ந்திருக்காவிட்டால் வாய்க்கால் தண்ணீர் நேராக உள்ளேதான் இறங்கும்.

குழாய்த் தண்ணீர்

இரண்டு காலி பாட்டில் எடுத்துப் போங்கள். ஒன்றில் நகராட்சிக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை (டிடிஎஸ்) காட்டும் பேனா வடிவ மீட்டர் சில நூறு ரூபாய்தான். இந்த ஊரில் அது தோசைத் திருப்பிக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கடல்நீர் கலந்து அதையும் தாண்டலாம்.

மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியே காட்டாது. அதற்குப் பழைய சோதனை போதும்: பாட்டிலில் பாதித் தண்ணீர், கொஞ்சம் துணி சோப்புச் சீவல், நன்றாகக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர் திரிந்தது போல வெள்ளைப் பொருக்கு மிதந்தால் அது பருப்பு வேகாத தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பருப்பிலுள்ள பெக்டினோடு சேர்ந்து இறுகுவதால்தான் ஐந்து விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழுசாகவே கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பருப்புக்கும் காபிக்கும் கேன் தண்ணீரையே வையுங்கள்.

ஆர்ஓ இயந்திரம் எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்பது விற்பனைப் பேச்சு. குழாயில் டிடிஎஸ் 500-க்குக் கீழே இருந்தால் யூவி வடிகட்டி போதும். ஆர்ஓ ஒரு லிட்டர் தருவதற்குச் சாதாரணமாக இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடும். பொது டேங்க்கிலிருந்து பங்கு தண்ணீர் எடுக்கிற வீட்டில் அதுவே சண்டைக்கு விதை. கழிவுக் குழாயை வாளியில் விட்டு, அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றினால் செடி கருகும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நகரக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். இரண்டு பேருக்கு 270. மாடியில் 1000 லிட்டர் டேங்க் ஒன்றை நான்கு குடும்பம் பகிர்ந்துகொண்டால் காலை எட்டு மணிக்கே காலி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மோட்டார் போடுகிறார்கள், யார் போடுகிறார்கள், அந்த கரண்ட் யார் கணக்கு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஷவரும் குழாய் வாய் வடிகட்டியும் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். கழற்றி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். மொசைக் தரையில் பட்டால் பளபளப்பு போய்விடும். அட்வான்ஸில் அது கழிபடும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கீசர் வாங்குவதானால் உள்ளே ஆனோடு தண்டு உள்ளதாக வாங்கி, வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். தொட்டிக்குப் பதிலாக அந்தத் தண்டுதான் அரிக்கப்பட வேண்டும். அது கரைந்து முடிந்த பிறகு தொட்டியே ஓட்டையாகும்.

சுண்ணாம்புச் சுவர் வீடுகள்

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் திண்ணை, தாழ்வாரம், முற்றம் வைத்த பழைய வீடுகளைப் பிரித்து போர்ஷனாக விடுகிறார்கள். வெயிலில் குளிர்ச்சி, உயர்ந்த கூரை, பார்க்கவும் அழகு. ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும்.

செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அதன் மேல் யாராவது சிமென்ட் பூசியோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோ இருந்தால் ஈரத்துக்கு வழி அடைபட்டு இன்னும் மேலே ஏறும். இடுப்புயரத்தில் பெயின்ட் கொப்பளித்து, தட்டினால் வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அதுதான் நடந்திருக்கிறது. புட்டி வைத்து மூடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்து விழும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிக் கொட்டுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு சுண்ணாம்பு அடிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கட்டிலும் பீரோவும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே நிற்கட்டும்.

கூரையில் மர உத்திரம் இருந்தால் அது சுவருக்குள் நுழைகிற முனைகளைப் பாருங்கள். கறையானும் மக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கும். கம்பால் தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிற உத்திரத்தில் ஃபேன் மாட்டக் கூடாது. அதன் கீழே படுக்கவும் கூடாது.

கரண்ட்

முதலில் மீட்டர். இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால், யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதால் பக்கத்துப் போர்ஷன் ஏசி போட்டாலும் உங்கள் யூனிட்டின் விலை கூடும். தனி மீட்டர் உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் வாடகை கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. சப் மீட்டர்தான் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது எர்த். எலக்ட்ரீஷியனை அழைத்து ஒவ்வொரு மூன்று துளை பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று சோதியுங்கள். துளை மூன்று இருக்கும், பின்னால் ஒயர் இரண்டே இருக்கும். பழைய வீடுகளில் இது சகஜம். உப்புக் காற்றும் ஈரச் சுவரும் சேர்ந்த ஊரில் இது ஆபத்து. கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்த வீட்டுக்காரரைச் சம்மதிக்க வையுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்கள் செலவிலாவது பொருத்துங்கள்.

காஸ் இணைப்பு வரும்வரை இண்டக்ஷன் அடுப்பு வைக்கிறவர்கள் கவனிக்க: 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பிளக் சமையலறையில் எங்கே இருக்கிறது என்று வீடு பார்க்கும்போதே தேடுங்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய அலுமினிய குக்கர் இதில் சூடாகாது.

ஒப்பந்தம்

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைப் பதிய வேண்டியிருப்பதால் வழக்கமாக 11 மாதத்துக்கு எழுதுவார்கள். மூன்று மாத அட்வான்ஸ் கேட்பவரும் உண்டு, பத்து மாதம் கேட்பவரும் உண்டு. புரோக்கர் ஒரு மாத வாடகை கேட்பார். 12,000 ரூபாய் வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் என்று வைத்தால் வாசல்படி ஏறுவதற்கே 60,000 + 12,000 + 12,000, ஆக 84,000 ரூபாய். அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

எழுத்தில் வர வேண்டியவை வாயால் பேசி விட்டுவிடுகிற விஷயங்கள்தான்: காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாத முன்னறிவிப்பு, மொட்டைமாடியில் துணி காயப்போடும் உரிமை, எத்தனை வண்டி, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஒரு மாதம் தங்கினால் தண்ணீருக்குக் கூடுதலா, வாசல் கேட் சாவி இன்னொன்று. கறி மீன் சமைக்கலாமா என்பதைக் கூச்சப்படாமல் முதல் நாளே கேட்டுவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

சாமான்

எதையும் வாங்கும் முன் படிக்கட்டை அளந்து பாருங்கள். மாடிப் போர்ஷனில் படி இரண்டரை அடிதான் இருக்கும், நடுவில் திரும்பும். கழற்றி மாட்ட முடியாத கட்டில் வாசலிலேயே நின்றுவிடும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தடி அகலக் கட்டிலும் ஒன்றரை அடி ஆழ பீரோவும் எதிரெதிரே போட்டால் நடுவில் மூன்றரை அடி மிஞ்சும். பீரோ கதவைத் திறந்தால் அதுவும் போச்சு. நான்கடிக் கட்டில் இரண்டு பேருக்குத் தாராளம்.

முதல் மாதத்துக்குத் தேவை சொற்பம்: மூன்று லிட்டர் குக்கர், தோசைக்கல், ஒரு கடாய், 750 வாட் மிக்ஸி, பாய் அல்லது மெத்தை, இரண்டு வாளி, ஒரு துணிக்கொடி. கிரைண்டர் பொறுக்கட்டும்; தெருவுக்குத் தெரு மாவு விற்கிறார்கள். எங்கே வெயில் விழுகிறது, எங்கே சுவர் வியர்க்கிறது என்று ஒரு மாதம் இருந்து பார்த்த பிறகு பெரிய சாமான் வாங்குங்கள்.

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் மாதிரி கடலுக்கு நாலைந்து தெருவுக்குள் இருந்தால் இரும்பைத் தவிர்த்துவிடுங்கள். பவுடர் கோட்டிங் கட்டிலில் ஒரு கீறல் போதும், அங்கிருந்து துரு பரவும். இரும்பு பீரோதான் சீராக வந்தது என்றால் அடியில் மரக்கட்டை வைத்துத் தூக்கி, கீறல்களில் உடனே பெயின்ட் தொடுங்கள். கொசுவலைக்கு இரும்பு வலை வேண்டாம், ஃபைபர் வலை.

காஸ் அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரப்பர் குழாயில் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், ஐந்து வருடத்தில் மாற்றுங்கள். சிலிண்டர் கைப்பிடி உள்பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று அந்தந்தக் காலாண்டின் முடிவு, மறுசோதனைக்கான கெடு. கெடு தாண்டியதை வாங்காதீர்கள். கசிவைச் சோப்பு நுரையால் சோதியுங்கள், தீக்குச்சியால் அல்ல.

சந்தடியோடு இருப்பது

வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை வெளியூர் வண்டிகள் நேரு வீதியையும் மிஷன் வீதியையும் நிரப்பிவிடும். மார்க்கெட் வேலையைச் செவ்வாய், புதன் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி போகாது. நடக்க அதுவே வசதி. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் பக்கம் வீடு மாற்றவோ ஃபிரிட்ஜ் டெலிவரி வாங்கவோ திட்டமிடாதீர்கள், தீர்த்தவாரிக்கு ஊரே அங்கேதான்.

படுக்கையைத் தெருப் பக்கம் போடாமல் பின் அறைக்குக் கொண்டுபோங்கள். கனமான திரை சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது; ஜன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடுக்கில்தான் சத்தம் நுழைகிறது. ரப்பர் பீடிங் ஒட்டினால் வித்தியாசம் தெரியும். ஆடி மாத ஒலிபெருக்கிக்கு மட்டும் மருந்தில்லை, பழகத்தான் வேண்டும்.

கீழ்வீட்டு அக்காவிடம் முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்: வாசல் தெளித்துக் கோலம் போடுவது யார் முறை, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், ஈரத் துணி சொட்டினால் அவர் வடகம் காயவைக்கிற இடத்தில் விழுமா. நெருக்கமான தெருவில் மனஸ்தாபம் பெரிய விஷயத்தில் வருவதில்லை, பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

ஐப்பசிக்கு முன்

மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் துளையையும் சன்ஷேடு மேல் கிடக்கும் சருகையும் புரட்டாசியிலேயே அள்ளிவிடுங்கள். அடைத்த துளைதான் பாதி ஒழுகலுக்குக் காரணம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது இந்தப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. அந்த அளவுக்கு இன்வெர்ட்டர் எதுவும் தாங்காது, ஆனால் ஓர் இரவு தாங்கும். 150 ஆம்பியர் மணி பேட்டரியில் நிஜமாகப் பயன்படுவது சுமார் 1200 வாட் மணி. சாதாரண ஃபேன் இரண்டு, எல்இடி விளக்கு மூன்று, வைஃபை பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 190 வாட். ஆறு மணி நேரம் ஓடும். ஃபேனைக் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் அதே பேட்டரி பத்து மணி நேரத்தைத் தாண்டும். ஃபேனை முதலில் மாற்றுங்கள், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

சம்ப்பில் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டால் முழுதும் இறைத்து, தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள். பிறகு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் புழங்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் சில நாளைக்குக் கேன் தண்ணீரே போதும். மழை மேகம் திரண்ட அன்றே கேன்காரரிடம் இரண்டு கேன் கூடுதலாகச் சொல்லிவையுங்கள். தெருவில் தண்ணீர் நின்ற பிறகு அவர் வண்டி உள்ளே வராது.